வெளியில் நிற்கப்போகும் இரும்பு மான்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

இரும்பில் விலங்கு செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விலங்கில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தோகை விரித்த மயில், முன்னங்கால் தூக்கிய குதிரை, பாயும் புலி என்று ஏதோ ஒரு படம் மனதில் ஒட்டிக்கொள்கிறது, கம்பியை வாங்கி வளைக்கத் தொடங்கிவிடுகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் இதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வருகிறது. என்னைக் கேட்டால் வரிசை தலைகீழ். முதலில் இடம், அப்புறம் உலோகம், அதற்கப்புறம்தான் விலங்கு. வெட்டவெளியில் நிற்கிற சிற்பத்தைப் பார்க்கிறவர் அதை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, பின்னால் இருக்கிற மேடு, வானம், புல், மரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். அந்தப் பாதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற மீதிப் பாதிதான் உங்கள் வேலை.

கொஞ்சம் வெல்டிங் தெரிந்தவர்களுக்கும், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொள்வோம்: தலையைக் குனிந்து மேய்கிற ஒரு மான். ஏன் மேய்கிற மான் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இடத்தைப் பார்ப்பது

சிற்பம் நிற்கப்போகும் இடத்துக்குக் காலையில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய் நில்லுங்கள். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். பார்க்கிறவர் எங்கிருந்து வருவார், எவ்வளவு தூரத்தில் முதலில் பார்ப்பார், அப்போது சிற்பத்துக்குப் பின்னால் என்ன இருக்கும்.

பின்னால் வானம் என்றால் வெளிக்கோடுதான் எல்லாம். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த கண்ணிமையும் ரோமக்கோடுகளும் எதிர்வெயிலில் ஒரே கறுப்பாகப் போய்விடும், காதின் சாய்வும் கழுத்தின் வளைவும் காலுக்கு இடையே தெரிகிற வெளிச்சமும் மட்டுமே பேசும். பின்னால் புதரோ மரக்கூட்டமோ என்றால் கதை வேறு. துருவின் பழுப்பு காய்ந்த சருகிலும் மரத்தண்டிலும் கரைந்துபோகும். அது சில இடத்தில் நல்லதுதான், நடந்து வருகிறவர் திடீரென்று மானைக் கண்டு நிற்பார், ஆனால் அதை வேண்டுமென்றே செய்யவேண்டும். தற்செயலாக நடந்தால் சிற்பம் காணாமல் போனதாகத்தான் அர்த்தம்.

அளவு பற்றி எல்லோரும் ஏமாறுகிற ஒரு விஷயம் உண்டு. பட்டறைக்குள் யானை மாதிரி தெரிகிற பொருள் திறந்த வெளியில் வைத்ததும் சுருங்கிவிடும். உயிரளவில் செய்த மான் பெரிய புல்வெளியில் கன்றாகத் தெரியும். அதனால் வெளியில் வைக்கும் உருவங்களை உயிரளவைவிடக் கால் பங்கு கூட்டிச் செய்கிற பழக்கம் சிற்பிகளிடம் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்று தெரிய ஒரு எளிய வழி: பெரிய அட்டையிலோ பழைய பிளைவுட்டிலோ மானின் பக்கவாட்டு உருவத்தை வெட்டி, கறுப்பு அடித்து, அந்த இடத்திலேயே முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பார்வையாளர் வரும் வழியில் நடந்து வாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவிலும் அது மான் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் நிற்கும் நிலையை மாற்றுங்கள், இரும்பு வாங்குகிற வேலை அதற்கப்புறம்.

நிலத்தோடு விலங்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு நான் அடிக்கடி காட்டுகிற உதாரணம் கலிஃபோர்னியாவின் பொரேகோ ஸ்பிரிங்ஸ் பாலைவனம். ரிக்கார்டோ பிரெசேடா என்ற சிற்பி அங்கே நூற்றுக்கு மேற்பட்ட எஃகு உருவங்களை நிறுத்தியிருக்கிறார், அவற்றில் பல அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் திரிந்த, புதைபடிவமாகக் கிடைத்த விலங்குகள். பீடம் கிடையாது, கால் நேராக மணலில் நிற்கிறது. ஒரு பெரிய பாம்பு உருவம் மண்ணுக்குள் போய் வெளியே வந்து, நடுவில் சாலையைத் தாண்டி மறுபக்கம் தொடர்கிறது. மண்ணுக்கு அடியில் உண்மையில் ஒன்றும் இல்லை, மீதி உடலை நிலமே செய்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் 2013-இல் நிறுத்தப்பட்ட கெல்பீஸ் என்ற 30 மீட்டர் உயரக் குதிரைத் தலைகள் இரண்டும் அப்படித்தான். கால்வாய் ஓரத்தில் நிற்கின்றன, படகிழுத்த பாரக்குதிரைகளின் நினைவாக. வேறெங்காவது வைத்திருந்தால் அவை வெறும் பெரிய தலைகள்.

எந்த உலோகம் என்பதை நிலமே சொல்லும்

இரும்பு எவ்வளவு வேகமாகத் தேயும் என்பது காற்றைப் பொறுத்தது. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலை இதை வகைப்படுத்தியிருக்கிறது: மாசு குறைந்த உலர்ந்த உள்நாட்டுப் பகுதிகள் சி2 வகையில் வரும், அங்கே சாதாரண எஃகு முதல் ஆண்டில் 25 மைக்ரானுக்குள்தான் தேயும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). சி3-இல் 25 முதல் 50. உப்புக்காற்று அடிக்கும் கடலோரம் சி5-க்குப் போகும்போது 80 முதல் 200 மைக்ரான். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் காற்று படுகிற 1 மி.மீ. தகடு கடற்கரையில் எத்தனை நாள் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உள்நாடு, நல்ல வெயில், மழை நின்றதும் காய்ந்துவிடும் இடம் என்றால் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) என்கிற சாதாரண எஃகையே துருவோடு விடலாம். 3 மி.மீ. தகடாக இருந்தால் பல்லாண்டு தாங்கும். கோர்ட்டென் வகை எஃகு கிடைத்தால் இன்னும் நல்லது. செம்பு, குரோமியம் முதலானவை சிறிதளவு கலந்த அந்த எஃகில் துருவே இறுக்கமான படலமாகி அடியில் இருப்பதைக் காக்கும். ஆனால் அது நனைந்து நனைந்து காயவேண்டும். எப்போதும் ஈரமாக இருக்கும் நிழலிலும், உப்புக்காற்றிலும், சருகு குவிந்து ஊறும் மூலைகளிலும் அந்தப் படலம் நிலைப்படாது, சாதாரண இரும்பு மாதிரியே தேய்ந்துபோகும். இதைச் சொல்லாமல் 'துருப்பிடித்தாலும் கவலை இல்லாத எஃகு' என்று விற்கிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். இன்னொன்று, முதல் சில ஆண்டுகள் மழைநீரோடு பழுப்புச் சாறு வழியும். கீழே வெள்ளைக் கல் பாவியிருந்தால் கறை போகவே போகாது. புல்லோ சரளையோ இருந்தால் பிரச்சினை இல்லை.

கடலோரம் என்றால் 316 வகை எவர்சில்வர், அல்லது துத்தநாகக் குளியல் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) கொடுத்து மேலே பெயின்ட். 304 வகை அங்கே பழுப்புப் புள்ளி விடும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால்தான் உப்பை அதிகம் தாங்குகிறது. இரண்டு உலோகத்தையும் கலக்கும் ஆசை வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: எவர்சில்வர் உடம்பில் சிறிய எம்.எஸ். துண்டு ஒன்றை ஒட்டினால், மழை பட்டதும் அந்தச் சிறிய துண்டு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். எம்.எஸ். கிரைண்டிங் செய்த பொறி எவர்சில்வர் மேல் விழுந்தாலே போதும், அந்த இடத்தில் துரு பூக்கும். இரண்டுக்கும் தனித்தனி கிரைண்டிங் சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்பில் செய்வது தனி சந்தோஷம்: சங்கிலி, ஸ்பேனர், பல்சக்கரம், உழவுக் கருவிகளின் கொழு. கையில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு பொறுக்குங்கள். ஒட்டாதது அலுமினியமாகவோ 304 எவர்சில்வராகவோ இருக்கும், எம்.எஸ். ராடால் அதை ஒட்டவைக்க முயலவேண்டாம். வார்ப்பிரும்பு காந்தத்தில் ஒட்டும், ஆனால் சாதாரண ராடில் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும். எந்தப் பழைய பொருளை எடுக்கக்கூடாது என்பதைக் கீழே பாதுகாப்பு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன், அதைப் படிக்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போகாதீர்கள்.

ஏன் மேய்கிற மான்

முதல்முறை செய்கிறவர்களில் பலர் நாரையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான தேர்வுதான், ஆனால் இரண்டு மெல்லிய கால் மேல் ஒரு பெரிய உடல், அதில் காற்று மோதும்போது முழுச் சுமையும் கணுக்காலில் வந்து இறங்கும். பற்றவைப்பு விட்டுப்போகிற இடமும் அதுதான். நான்கு கால் விலங்கு எவ்வளவோ மேல். அதிலும் தலை குனிந்து மேய்கிற விலங்குக்கு வாய் ஐந்தாவது காலாகிவிடுகிறது, நிலத்தைத் தொடும் இடங்கள் ஐந்து. உறுதி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வாய் புல்லுக்குள் போய் மறையும்போது விலங்குக்கும் நிலத்துக்கும் நடுவில் இருக்கும் கோடே அழிந்துவிடும். நிலத்தைத் தொடர்ந்து செய்த மாதிரி இருக்கும், கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்காது.

ஆனால் பெண்மானாகச் செய்யுங்கள். குனிந்த தலையில் கொம்பு வைத்தால் அதன் முனைகள் சரியாகக் குழந்தைகளின் கண்மட்டத்தில் நிற்கும்.

இனி உடல் அமைப்பு. மான் கம்பி நாய் மாதிரி ஆகிவிடுவதற்கு ஒரே காரணம் மூட்டுகளைத் தப்பான இடத்தில் வைப்பதுதான். பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கியிருப்பது முழங்கால் இல்லை, அது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றுக்குப் பக்கத்தில், தோலோடு ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் மாதிரி தெரிவது மணிக்கட்டு. மான் தரையில் ஊன்றுவது இரண்டு விரல்களின் நுனியை மட்டும். இன்னொரு முக்கியமான விஷயம், மானுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் தோள்பட்டையோடு சேர்ந்து தசையால் மட்டுமே உடலில் தொங்குகின்றன, அதனால் தலையைக் குனியும்போது இரண்டு தோள்பட்டை நுனிகளும் முதுகுக்கோட்டில் மேடாகத் தெரியும். அந்த மேட்டை வைத்துவிட்டால் பாதி மான் வந்துவிட்டது. ஒரு முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், நீளக்கால் விலங்குகள் தரையை எட்ட அப்படித்தான் நிற்கும்.

பறவை செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாம்பல் நாரை பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்ளும், சாரஸ் கொக்கு நீட்டிக்கொண்டு பறக்கும். இதை மாற்றி வைத்த உருவங்களைப் பூங்காக்களில் பார்க்கலாம், பறவை பார்க்கிறவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எலும்புக்கூட்டின் பக்கவாட்டுப் படம் ஒன்றையும் உயிருள்ள மான் மேயும் படங்கள் சிலவற்றையும் வைத்துக்கொண்டு, முதலில் கட்டுக்கம்பியில் கைப்பிடி அளவு மாதிரி ஒன்று செய்யுங்கள். கெல்பீஸுக்கே முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து பார்த்தார் அதன் சிற்பி ஆண்டி ஸ்காட். நிலை சரியில்லை என்பதைக் கட்டுக்கம்பியில் கண்டுபிடித்தால் ஒரு நிமிட வேலை, 16 மி.மீ. கம்பியில் கண்டுபிடித்தால் ஒரு நாள் வேலை.

பொறி பறக்கும் முன்

வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். ராடு வெல்டிங்குக்கு 10 அல்லது 11 எண் இருட்டுக் கண்ணாடி வேண்டும், பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்கிறவருக்கும் வேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கிரைண்டரின் காவல் தகட்டைக் கழற்றவேண்டாம், வெட்டும் மெல்லிய சக்கரத்தைப் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், அது உடைந்து தெறிக்கும்.

பழைய இரும்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மூடிய எதையும் சூடாக்கக்கூடாது: டிரம், டேங்க், சிலிண்டர், வண்டியின் ஷாக் அப்சார்பர். பல வருடம் காலியாகக் கிடந்த எண்ணெய் டிரம்மில்கூட ஆவி மிச்சம் இருக்கும், வெடிக்கும். ஷாக் அப்சார்பர் உள்ளே எண்ணெயும் அழுத்தமும் அடைபட்டிருப்பதால் அதுவும் அப்படித்தான். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு போன்றவற்றின் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு வேண்டும் என்பதால் வெல்டிங்கில் துத்தநாகப் புகை வராமல் இருக்க வழியே இல்லை. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று மாலை குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில், முகமூடியோடு செய்யுங்கள். குரோமியம் முலாம் பூசிய பளபளப்பான பாகங்களும் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்துவிட்டு வெல்டிங் செய்வது எல்லாவற்றையும்விட ஆபத்து, அதில் இருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், போதும்.

வேலை முடிந்ததும் உடனே பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டாம். மரத்தூளிலோ துணியிலோ விழுந்த பொறி மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கும், அரை மணி நேரமாவது சுற்றிப் பார்த்துக்கொண்டு இருங்கள்.

கம்பிக்கூடு

தோள் உயரம் 90 செ.மீ. வரும் மானை எடுத்துக்கொள்வோம். தரையில் சாக்பீஸால் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வரையுங்கள், எலும்பு போகும் கோடுகளையும் மூட்டுகளையும் குறியுங்கள். கால்களுக்கு 16 மி.மீ. கம்பி, முதுகெலும்புக்கு 12, விலா வளையங்களுக்கு 8, வெளிக்கோட்டுக்கு 6. முறுக்குக் கம்பி வேண்டாம் என்பது என் கருத்து, அதன் வரிகளில் தண்ணீர் தங்கும், மேடுகளில் பெயின்ட் மெலிந்துபோகும். வழவழப்பான உருண்டைக் கம்பியே நல்லது.

எடை கணக்கு எளிது. கம்பியின் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. என்றால் 0.395, 12 மி.மீ. என்றால் 0.89. தகட்டுக்கு, ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 7.85 கிலோ. நம் மான் பாதி மூடிய தோலோடு 30 முதல் 40 கிலோவுக்குள் முடியும். இரண்டு பேர் தூக்கலாம்.

வளைக்க ஒரு தடித்த தகட்டில் இரண்டு குட்டை முளைகளைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள், அதற்கிடையில் கம்பியை விட்டு இழுத்தால் 12 மி.மீ. வரை குளிர்ந்த நிலையிலேயே வளையும். 16-க்கு நுனியில் நீளமான பைப்பைச் சொருகிக்கொண்டு இழுக்கவேண்டும். முதுகெலும்பை முதலில் சாக்பீஸ் கோட்டின் மேல் வைத்துப் பொருத்திப் பாருங்கள், அப்புறம் கால்கள். நான்கு காலையும் ஒரே தளத்தில் நிற்கவைத்து, குளம்பு வரும் இடத்தில் தற்காலிகமாக ஒரு பிளாட் கம்பியைக் குறுக்கே பற்றவைத்துப் பூட்டிவிட்டால் மேலே என்ன இழுப்பு வந்தாலும் கால் அகலாது. விலா வளையங்களை அதன் பிறகு ஏற்றுங்கள். வளையம் எல்லாம் ஒரே வட்டமாக இருந்தால் பீப்பாய் மாதிரி வரும். மானின் மார்பு குறுகி ஆழமானது, வயிறு பின்னால் போகப் போக மேலேறும்.

எல்லா இணைப்பையும் முதலில் சிறு புள்ளிகளாக டாக் மட்டும் வையுங்கள். முழு உருவமும் நின்று, நீங்கள் பத்தடி தள்ளி நின்று பார்த்து, வளைத்து, மாற்றி, சரி என்று தோன்றிய பிறகுதான் முழுப் பற்றவைப்பு. அப்போதும் ஒரே பக்கமாகப் போகவேண்டாம், இடது தோளில் ஒன்று போட்டால் அடுத்தது வலது தொடையில். சூடான இரும்பு ஆறும்போது பற்றவைத்த பக்கம் சுருங்கி இழுக்கும், ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போனால் மான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடும். 6013 ராடு புதியவர்களுக்கு ஒத்துவரும், 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வைத்துப் பார்க்கலாம். மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் எளிது, ஆனால் வெளியில் காற்றடித்தால் அதன் காப்பு வாயு கலைந்து பற்றவைப்பு நுரைத்துப்போகும். மறைப்புக் கட்டிக்கொண்டு செய்யுங்கள், அல்லது ராடே போதும்.

தோல் எவ்வளவு, எந்த மாதிரி

நிலத்தைச் சிற்பத்துக்குள் கொண்டுவரும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். முழுதாக மூடிய மான் வெளியில் ஒரு தகரப்பெட்டி மாதிரி நிற்கும். பாதி திறந்த மானுக்குள்ளே பின்னால் இருக்கும் புல்லும் வெளிச்சமும் தெரியும், காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். விட்ட இடத்தைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். தோள், தொடை, முதுகு, முகம் என்று சுமை தெரியவேண்டிய இடத்தை மூடுங்கள், வயிறும் விலாப்பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

தகட்டின் வடிவத்தை அந்த இடத்தில் இருந்தே எடுங்கள். உயரமான காய்ந்த புல் நிற்கும் இடமா, 2 மி.மீ. தகட்டை மெல்லிய நீளப் பட்டைகளாக வெட்டி, ரோமம் படியும் திசையில் போடலாம்: கழுத்தில் இருந்து பின்னோக்கி, தோளில் கீழ்நோக்கி, தொடையில் சற்று வளைந்து. அடுக்கடுக்கான பாறை தெரியும் மேடா, கிடைமட்டமான அடுக்குகளாக மானைச் செதில் செதிலாக வெட்டி இடைவெளி விட்டு அடுக்கலாம். சருகு நிறைந்த மரநிழலா, இலை வடிவத் துண்டுகள். இதில் அமெரிக்கச் சிற்பி டெபோரா பட்டர்ஃபீல்டின் குதிரைகளைத் தேடிப் பாருங்கள்: உடைந்த கிளைகளையும் ஆற்றோரம் ஒதுங்கிய மரத்துண்டுகளையும் சேர்த்துக் குதிரையாக்கி, அந்தக் கட்டையை அப்படியே வெண்கலத்தில் வார்க்கிறார். எங்கும் முழுத் தோல் கிடையாது, ஆனாலும் குதிரையின் எடை தெரியும்.

தோலில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், ஒவ்வொரு துண்டையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைப்பது. கம்ப்யூட்டரில் வெட்டிய மாதிரி ஆகிவிடும். அகலமும் இடைவெளியும் கொஞ்சம் மாறட்டும்.

முகத்தில் கண்ணை வைத்துத்தான் பலர் கெடுக்கிறார்கள். நட் ஒன்றை ஒட்டிக் கண் என்றால் பொம்மை ஆகிவிடும். மானின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, அந்த இடத்தில் எலும்பு மேட்டுக்கு அடியில் ஒரு குழி விட்டால் நிழலே கண்ணாகிவிடும். காதுக்கு நேரம் செலவிடுங்கள். ஒரு காது முன்னால், ஒரு காது பின்பக்கம் திரும்பியிருந்தால், மேய்கிற மான் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தூரத்தில் இருந்தே தெரியும்.

எல்லா ஓரத்தையும் கிரைண்டரில் மழுக்குங்கள், கைவிட்டுத் தடவிப் பார்த்துத்தான் விடவேண்டும். குழந்தைகள் ஏறாத விலங்குச் சிற்பம் உலகத்தில் இல்லை. கூர்மையான விளிம்பில் பெயின்டும் நிற்காது என்பது இன்னொரு காரணம்.

தண்ணீரும் பூச்சும்

வெளியில் நிற்கும் இரும்பை அழிப்பது மழையைவிட, மழை நின்ற பிறகும் வெளியேறாத தண்ணீர்தான். உருவத்தைத் தண்ணீர்க் குழாயில் முழுதாக நனைத்து எங்கெல்லாம் தேங்குகிறது என்று பாருங்கள். காதின் குழி, தாடையின் உட்பக்கம், கால் மூட்டில் தகடு மடங்கிய பை. அங்கெல்லாம் மிகத் தாழ்ந்த புள்ளியில் 8 அல்லது 10 மி.மீ. துளை போடுங்கள், அதைவிடச் சிறிய துளை மண்ணும் பூச்சிக் கூடும் அடைத்துக்கொள்ளும். தகட்டின் மேல் தகடு ஏறும் இடங்களை முழுக்கப் பற்றவைத்து மூடுங்கள், முடியாவிட்டால் விரல் போகும் அளவு இடைவெளி விட்டுவிடுங்கள். நடுவில் இருக்கும் மயிரிழைச் சந்துதான் மோசம், அதில் துரு வளர்ந்து பருத்துத் தகட்டையே பிரித்துத் தள்ளும்.

துருநிறமாகவே விடுவது என்றால், ஆலையில் இருந்து வரும்போது தகட்டில் இருக்கும் நீலக்கறுப்புப் படலத்தை முதலில் எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் துரு திட்டுத்திட்டாக வரும். உப்பும் வினிகரும் தெளித்து ஒரே நாளில் துரு வரவழைக்கும் முறையை நிறையப் பேர் சொல்கிறார்கள். வரும், ஆனால் அந்த உப்பு உள்ளேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்துக் காயவிடுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும். துருவின் மேல் வார்னிஷ் அடிப்பதும் எனக்குச் சரிப்படவில்லை, வெயிலில் உரிந்து அலங்கோலமாகும். மெழுகோ எண்ணெயோ தடவிவிடலாம், வருடாவருடம் மறுபடி தடவவேண்டும்.

நிறம் வேண்டும் என்றால் மணல் வீச்சில் சுத்தம் செய்து, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர், அதன்மேல் எபாக்ஸி, வெயிலைத் தாங்க பாலியூரிதேன் மேற்பூச்சு. வெறும் எனாமல் மலிவுதான், ஆனால் வெளியில் நீண்ட நாள் நிற்காது. துத்தநாகக் குளியலுக்கு அனுப்புவது என்றால் செய்யத் தொடங்கும் முன்பே குளியல் ஆலையில் பேசிவிடுங்கள். 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்குவார்கள், மூடிய பைப்போ அடைத்த உட்குழியோ இருந்தால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெடிக்கும். காற்று வெளியேற ஒரு துளை, துத்தநாகம் வடிய ஒரு துளை கட்டாயம். மெல்லிய அகலத் தகடு அந்தச் சூட்டில் முறுக்கிக்கொள்ளவும் செய்யும்.

நிறுத்துவது

காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 72 கி.மீ. காற்றில் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ எடை சாய்த்துவைத்த மாதிரி. 144 கி.மீ. புயலில் 100 கிலோ. முழுதாக மூடிய மானின் பக்கவாட்டுப் பரப்பு 0.6 சதுர மீட்டர் என்றால் 60 கிலோவுக்குக் குறையாமல் தள்ளும், பாதி மூடிய நம் மானின் எடையோ 30, 40 கிலோதான். பாதி திறந்த தோல் இங்கேயும் கைகொடுக்கிறது. இங்கிலாந்தில் 1998-இல் நிறுத்திய ஏஞ்சல் ஆஃப் த நார்த் விலங்கு இல்லை என்றாலும் பாடம் ஒன்றுதான்: 200 டன் எஃகு உருவம், அதை மணிக்கு 160 கி.மீ.-க்கு மேல் வரும் காற்றுக்குத் தாங்கவைக்க 600 டன் கான்கிரீட் அடியில் இருக்கிறது.

நம் மானுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு குளம்புக்கும் அடியில் 8 மி.மீ. தடிமனில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைப் பற்றவைத்து, கான்கிரீட்டில் பதித்த 12 மி.மீ. நங்கூர போல்ட்டுகளில் பூட்டலாம். நான்கு காலுக்கும் சேர்த்து ஒரே கான்கிரீட் பட்டையாக, ஒன்றரை அடி ஆழத்தில் போட்டால் கால்கள் தனித்தனியாக இறங்காது. தரை உறையும் குளிர்ப் பகுதி என்றால் உறையும் ஆழத்துக்குக் கீழே போகவேண்டும். போல்ட்டின் இடங்களை அளந்து குறிப்பதைவிட, குளம்புத் தகடுகளின் துளைகளை ஒரு பிளைவுட் பலகையில் அப்படியே நகல் எடுத்து, அந்தப் பலகையில் போல்ட்டைக் கோத்து ஈரக் கான்கிரீட்டில் இறக்குவதுதான் பிழையில்லாத வழி. ஆளைவிட உயரமான சிற்பம், அல்லது பொதுமக்கள் நடமாடும் இடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் நிறுத்தாதீர்கள்.

மண்ணும் காற்றும் சேரும் மட்டத்தில்தான் இரும்பு மிக வேகமாக அரிக்கும். அதனால் தகட்டை மண்ணுக்குள் புதைக்கவேண்டாம். கான்கிரீட்டின் மேல்மட்டம் மண்ணுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கமாகச் சரிந்து இருக்கட்டும். கான்கிரீட் தெரிகிறதே என்றால் சுற்றிலும் அந்த இடத்துக் கற்களை இறைத்து, புல்லை வளரவிடுங்கள். வாயை மட்டும் நிலத்தில் பதிக்காமல் மண்ணுக்கு இரண்டு விரல் மேலே ஒரு எவர்சில்வர் முளையில் உட்காரவையுங்கள், நடுவில் பிளாஸ்டிக் வாஷர் போட மறக்கவேண்டாம். இரண்டு உலோகமும் நேராகத் தொடக்கூடாது. புல் வளர்ந்ததும் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

அப்புறம் பராமரிப்பு. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்: துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், குளம்பைச் சுற்றிச் சேர்ந்த சருகையும் மண்ணையும் விலக்குங்கள், போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். திறந்த விலாவுக்குள் பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை விட்டுவிட்டு அப்புறம் சுத்தம் செய்யலாம். பெயின்டில் குமிழ் தெரிந்தால் கம்பி பிரஷால் பளபளப்பு வரும்வரை சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமரும் மேற்பூச்சும் இரண்டு கை அடியுங்கள், முழு மானுக்கும் மறுபடி அடிக்கவேண்டியதில்லை.